வேலூர்க் கலகத்தை நிறுத்திய மோர்க்காரி

ஒரு கலகம் ஏன் வந்தது என்று கேட்டால் பள்ளிக்கூடப் புத்தகம் மூச்சு விடாமல் சொல்லிவிடும். புதுத் தலைப்பாகையால் வந்தது, அதில் வைத்த தோலால் வந்தது, கடுக்கனைக் கழற்று, விபூதியை அழி, தாடியை மழி என்றதால் வந்தது. ஐந்து மதிப்பெண். பியூலாவும் அப்படி எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்தான். பிற்பாடு அதே கலகத்துக்குள் சம்பளத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

இப்போது போய்வருகிறாள். காட்பாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. கீழே பல்லைப் பிடுங்குவார்கள், மேலே காரணத்தைப் பிடுங்குவார்கள். முதலாளி பட்டாபிராமனிடம் ஓர் இயந்திரம் இருந்தது. அதற்குள் 1806-ஆம் வருடத்து வேலூர்க் கோட்டை முழுசாகக் கிடந்தது. அகழி, பேட்டை, வெள்ளைக்காரத் துரைகள், காவலில் வைத்த திப்புவின் பிள்ளைகள், சிப்பாய்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர், எல்லாம்.

"சினிமா மாதிரியா?" என்று கேட்டாள் மிருணாளினி. 'வேகம்' என்ற பெரிய சரக்குக் கிடங்கின் மனிதவளத் தலைவி அவள். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கியிருந்தாள்.

பட்டாபிக்கு ரோஷம் வந்துவிட்டது. "சினிமா இல்ல மேடம். சினிமாவுல இருக்கறவன் நாம எழுதிக் குடுத்ததைப் பேசுவான். இவங்க தானா யோசிப்பாங்க. பசிக்கும், கோவம் வரும், பொண்டாட்டி நெனப்பு வரும். ஜனவரியில ஓட விட்டா ஜூலையில கலகம் பண்ணிடுவாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி ஜனவரிக்குக் கொண்டுபோவோம். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தை உருவிடுவோம். எதை உருவினா கலகம் நிக்குதோ, அதுதான் வேர்."

"இதுல எங்களுக்கு என்ன?"

"உங்க முப்பதாயிரம் தொழிலாளிங்களுக்கும் ஒரு தொப்பி போடப் போறீங்க. அவனும் ஒரு தொப்பிதான் போட்டான். அவன் எங்க வழுக்கி விழுந்தான்னு தெரிஞ்சா, நீங்க விழாம போட்டுடலாம்."

மிருணாளினிக்கு அது பிடித்துப்போயிற்று. 'கவனக் கவசம்' என்று அந்தத் தொப்பிக்குப் பெயர். பார்க்கச் சாதாரணத் தொப்பிதான். வேலை நேரத்தில் மனசு வேறெங்காவது போனால் பிடரியில் சுருக்கென்று ஒரு குத்து குத்தும். மனசு திரும்பி வந்ததும் விட்டுவிடும். வலியே இல்லை, எறும்புக்கடி என்றுதான் விளம்பரம். விளம்பரம் எழுதியவன் போட்டுப் பார்க்கவில்லை.

பியூலாவின் புருஷன் கிதியோன் போட்டுப் பார்த்தான். அந்தக் கிடங்கில்தான் அவனுக்கு வேலை. வெள்ளோட்டம் என்று சொல்லி இருநூறு பேர் தலையில் முதலில் மாட்டினார்கள், அதில் அவனும் ஒருத்தன். மாதம் முடிவதற்குள் ஆள் மாறிவிட்டான். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிய பிறகும், சோற்றில் கை வைத்துக்கொண்டு எதையாவது நினைக்கப் போவான், உடனே கழுத்து வெடுக்கென்று சுருங்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரி ஐயருடைய பிரசங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அப்படிக் கேட்டதே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியூலா பிரசங்கத்தை விட்டுவிட்டு அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, ரொம்ப நோவுதா?" என்று கேட்டாள்.

"நோவல. பகல்ல கனா காண முடியல. அவ்ளோதான்," என்றான். "சின்ன வயசுல இருந்து அது ஒண்ணுதான் எனக்கு ஓசியில கெடைச்சுக்கினு இருந்துச்சு."

அந்தத் தொப்பியைத் தகராறில்லாமல் எல்லோர் தலையிலும் மாட்டுவது எப்படி என்று கண்டுபிடிப்பதுதான் பியூலாவின் வேலை. கண்டுபிடித்துக் கொடுத்தால் புருஷன் தலையில் அது நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். கொடுக்காவிட்டால் பட்டாபி வேறு ஆளை வைத்துக் கண்டுபிடிப்பார். நல்ல பிழைப்பு!

அவள் எப்படி உள்ளே போவாள் என்றால், மோர்க்காரியாகப் போவாள். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் படுத்தால், கோட்டைக்கு வெளியே பேட்டையில், தலையில் மோர்ப்பானையோடு நிற்பாள். சிப்பாய்கள் குடிக்க வருவார்கள், அவள் வாயைக் கிளறுவாள். ஆரம்பத்தில் அவர்கள் பேச்சு சகிக்காது. இயந்திரத்தைக் கட்டிய மேதாவிகள் அந்தக் காலத் தமிழுக்காகக் கோயில் கல்வெட்டுகளைப் போட்டு ஊட்டியிருந்தார்கள். சிப்பாய் மோர் கேட்டால் நிலதானம் கொடுப்பதுபோல இருக்கும். பியூலாதான் வேலூர் மார்க்கெட்டில் ஒரு வாரம் ஒலிப்பதிவு செய்துவந்து போட்டாள். அதற்கப்புறம்தான் கோட்டைக்குள் கெட்ட வார்த்தையே வந்தது.

ஹவில்தார் மாசிலாமணி அப்படித்தான் அவளுக்குச் சிநேகம். நெற்றி நிறைய விபூதி, காதில் சிவப்புக்கல் கடுக்கன், எகத்தாளமான வாய். ஒவ்வொரு ஓட்டத்திலும் அவனுக்கு அவளைப் புதிதாகத்தான் தெரியும். அவளுக்கோ அவன் பெண்டாட்டி பெயர்கூட அத்துப்படி.

பட்டாபி தலைப்பாகையை உருவினார். கடுக்கனுக்காகக் கலகம் வந்தது. கடுக்கனை விட்டுக்கொடுத்துப் பார்த்தார். தாடிக்காக வந்தது. திப்புவின் பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்பினார். அவர்கள் இல்லாமலே வந்தது. தேதிதான் முன்னே பின்னே ஆனது. தலைப்பாகை வேண்டாம் என்று மே மாதத்தில் மறுத்தவர்களைச் சவுக்கால் அடித்தார்களே, அந்தச் சவுக்கடியை நீக்கிப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் தள்ளிப்போனது. ஆனால் வந்தது.

"ஏம்மா, குழம்புல இருந்து ஒவ்வொண்ணா பொறுக்கி எறிஞ்சாச்சு. இன்னும் குழம்பாவே இருக்கே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் பட்டாபி. "நீ அந்த ஹவில்தாரைக் கேட்டியா?"

"கேட்டேன் சார். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்றாரு. போன தடவ கேட்டதுக்கு, எதுக்குன்னு கேக்காத, எத்தினி நாளான்னு கேளுன்னுட்டாரு."

"அதை அறிக்கையில எழுத முடியாது," என்றார் பட்டாபி.

மிருணாளினி போனில் கெடு வைத்துவிட்டாள். அடுத்த வாரம் எல்லார் தலையிலும் தொப்பி. அதற்குள் வழி சொன்னால் சரி, இல்லையென்றால் வேறு கம்பெனி. அன்று காலை கிதியோன் வேலைக்குக் கிளம்பும்போது தொப்பியைக் கையில் எடுத்தவன், மாட்டாமல் வாசலிலேயே நின்றான். பியூலா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மாட்டிக்கொண்டு போனான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அந்த ஆத்திரத்தோடு போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தாள்.

ஜூலை ஒன்பது, சாயங்காலம். இந்த ஓட்டத்தில் எந்தக் காரணத்தையும் உருவவில்லை, எல்லாம் நடந்தபடியே இருந்தது. கோட்டைக்குள் திப்புவின் மகள் கல்யாணம். பேட்டை முழுக்க ஜனம். மாசிலாமணி புதுத் தலைப்பாகையோடு வந்து நின்றான். காதில் கடுக்கன் இல்லை, ஓட்டை மட்டும் இருந்தது.

"இன்னா மோருக்காரம்மா, முறைக்கற? இத்தப் பாத்தா உனக்கே சிரிப்பு வர்ல? துரைமாருங்க தொப்பி குட்டி போட்ட மாரி கீது."

"ண்ணா, இன்னிக்கு விடியக்காலம் ஆரம்பிக்கப் போறீங்கதானே?"

மாசிலாமணியின் சிரிப்பு நின்றுவிட்டது. கை இடுப்புக் கத்திக்குப் போனது. "யாரு சொன்னது உனுக்கு?"

உள்ளே இருப்பவர்களிடம் பின்னால் நடக்கப்போவதைச் சொல்லவே கூடாது. பட்டாபி போட்ட முதல் சட்டம் அது. சொன்னால் ஓட்டமே கெட்டுவிடும், சீட்டைக் கிழித்துவிடுவேன் என்பார். கெட்டால் கெடட்டும் என்று பியூலா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். விடிவதற்குள் கோட்டை உங்கள் கைக்கு வந்துவிடும், பாதிப் பேர் சண்டையை மறந்து கொள்ளையடிக்க ஓடுவீர்கள், வெளிவாசலை அடைக்க யாருக்கும் தோன்றாது, காலையில் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்துவிடும், பீரங்கியால் கதவைப் பிளப்பார்கள், பிடிபட்டவர்களைச் சுவரோரமாக நிறுத்திச் சுடுவார்கள். நூற்றுக்கணக்கில் சாவீர்கள். நீயும் சாவாய் அண்ணா, நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

பைத்தியம் என்று சொல்லுவான் என்று நினைத்தாள். அவன் சொல்லவில்லை. வெளிவாசலை மறந்துவிடுவோம் என்று அவள் சொன்னது அவனை உலுக்கிவிட்டது. அந்த வாசலுக்கு யார் என்று அவர்கள் இன்னும் பேசவே இல்லை.

"செரி. நாங்க செத்துட்டோம்," என்றான் மெதுவாக. "தலைப்பாக இன்னா ஆச்சு?"

"இன்னாண்ணா?"

"தலைப்பாகம்மா! அத்த விட்டாங்களா, இல்ல எங்களுக்கப்புறம் வந்தவன் தலையில வெச்சாங்களா?"

அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பட்டாபியும் கேட்டதில்லை, மிருணாளினியும் கேட்டதில்லை. எல்லாரும் காரணத்தையே நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாபஸ் வாங்கிட்டாங்க. கடுக்கன், விபூதி, தாடி எல்லாம் பழையபடி. மதராஸ் கவர்னரையும் பெரிய சேனாதிபதியையும் வேலைய விட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க."

மாசிலாமணி அப்படியே தரையில் குந்திவிட்டான். முதலில் சிரித்தான். அப்புறம் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பியூலா தோளைத் தொட்டாள், அவன் தட்டிவிட்டான்.

"ஒரு காயிதத்துல எழுதி வாபஸ் வாங்கற சமாச்சாரமா இது? அதுக்கா இத்தினி பேர சுவத்துல வெச்சுச் சுட்டானுங்க? நாங்களும் தூங்கறவன வெட்டப் போறோமே, அதுக்கா?" முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "அவனுங்களால முடியாம இல்ல. முடியும். கேக்கறா மாரி கேக்கணும், அவ்ளோதான். நீ போம்மா. நான் பசங்க கிட்ட பேசணும்."

மறுநாள் விடிந்தபோது பியூலா பார்த்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அணிவகுப்பு மைதானத்தின் நடுவில் தலைப்பாகைகள் குவிந்து கிடந்தன. துப்பாக்கிகளைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஆயிரத்து ஐந்நூறு பேரும் வெறுந்தலையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் விபூதி, நாமம். காதில் கடுக்கன். துரைகள் கத்தினார்கள், எழுந்திருக்கச் சொன்னார்கள். யாரும் அசையவில்லை. சுடலாம் என்றால் யாரை வைத்துச் சுடுவது? வெள்ளைச் சிப்பாய்கள் நானூறு பேர்கூடத் தேறமாட்டார்கள், மற்றபடி சுடவேண்டியவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்களே. ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். குதிரைப்படை வந்து, உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, உத்தரவு கேட்டு மதராஸுக்கு எழுதியது. சில நாளில் காகிதம் வந்தது. தலைப்பாகை வாபஸ்.

இயந்திரம் கணக்கை முடித்தது. சுட்ட குண்டு, இல்லை. செத்த துரை, இல்லை. கலகம், இல்லை.

பட்டாபி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "நின்னுடுச்சு! நின்னுடுச்சும்மா! எதை உருவினே?"

"எதையும் உருவல சார். என்ன நடக்கும்னு முன்கூட்டியே சொன்னேன்."

பட்டாபியின் முகம் முதலில் கறுத்தது. அப்புறம் மெல்ல வெளுத்து, விளக்குப் போட்டதுபோல ஆகிவிட்டது. "பயம்! அட, இவ்வளவு சுலபமா? என்ன கதி ஆகும்னு தெரிஞ்சதும் பயந்து அடங்கிட்டாங்க!"

சார், ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள் என்று சொல்ல பியூலாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. பட்டாபி என்றைக்குமே உள்ளே போகிறவர் இல்லை. கருவியை மாட்டினால் அவருக்குத் தலை சுற்றும். முடிவு வரும் கட்டத்தை மட்டும்தான் பார்ப்பார். அவள் வாயை மூடிக்கொண்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

மிருணாளினி உடனே ஒரு படம் எடுக்கச் சொன்னாள். வேலூர்ச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள், அவர்கள் கதி என்ன ஆனது பாருங்கள் என்று பீரங்கியும் ரத்தமும் சுவருமாக எடுத்தார்கள். கிடங்கில் சாப்பாட்டு இடைவேளைதோறும் போட்டுக் காட்டினார்கள். கம்பெனி வக்கீல் மட்டும், சரித்திரத்தைப் பாதியில் விட்டால் பின்னால் வழக்கு வரலாம் என்றார். அதனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். 'பின்னர் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.' சின்ன எழுத்துதான், யார் படிக்கப்போகிறார்கள் என்றாள் மிருணாளினி.

முப்பதாயிரம் பேரும் படித்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவனுக்கு வேறென்ன வேலை?

அன்று கிதியோன் வீட்டுக்கு வந்து கேட்டான். "பியூலா, அந்தக் கடைசி வரி நெசமா?"

"நெசம்."

"தோத்துப் பூட்டாங்க. ஆனா தொப்பியும் பூடுச்சா?"

"ஆமாங்க."

"சாவாம அத்த வாங்க முடியாதா?"

சொல்லிவிடலாமா என்று பியூலா தவித்தாள். சொன்னால் அது அவள் கொடுத்த யோசனையாகிவிடும். நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால் எவள் சொன்னாள் என்று கேட்பார்கள். இவர்களே யோசித்தால்தான் நிற்பார்கள் என்றும் தோன்றியது. "நீங்களே யோசிச்சுப் பாருங்க," என்றாள்.

அவன் யோசித்தான். கழுத்து வெடுக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி யோசித்தான். மறுபடி வெடுக்கென்றது. அவன் விடவில்லை. பியூலா பக்கத்தில் உட்கார்ந்து அவன் பிடரியில் கை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பாவி மனுஷன், யோசிக்கிறதுக்கே இந்தப் பாடா என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

தொப்பி மாட்டும் நாளும் வந்தது. காலை பத்து மணிக்கெல்லாம் மிருணாளினி பல் ஆஸ்பத்திரி மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிவந்தாள்.

"எல்லாரும் உக்காந்துட்டாங்க! தொப்பியெல்லாம் நடுவுல குவிச்சு வச்சிட்டு, தரையில! ஒருத்தன் பேசமாட்டேங்கறான். போலீஸ் உள்ள வரணும், சர்டிபிகேட் குடுங்க."

விஷயம் இதுதான். கண்டவனையும் கலகக்காரன் என்று சொல்லி அடித்துவிடக் கூடாதென்று அப்போது ஒரு சட்டம் வந்திருந்தது. அங்கீகாரம் பெற்ற இயந்திரம் ஒன்று கலகம் என்று சொன்னால்தான் போலீஸ் கிடங்குக்குள் நுழையலாம். அங்கீகாரம் பட்டாபியின் இயந்திரத்துக்கு இருந்தது.

பியூலா விவரத்தை இயந்திரத்தில் போட்டாள். கிதியோன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

கலகம், இல்லை.

"எப்படி இல்லைங்கும்?" என்று கத்தினாள் மிருணாளினி. "அந்தக் கணக்கை மாத்துங்க. உக்காந்தா கலகம்னு போடுங்க!"

பட்டாபி கணக்கை மாற்ற உட்கார்ந்தே விட்டார். பியூலா சாவகாசமாகச் சொன்னாள். "மாத்தலாம் சார். ஆனா நம்ம ஓட்டத்துலயும் சிப்பாய்ங்க உக்காந்துதான் இருந்தாங்க. உக்காந்தா கலகம்னா அன்னிக்கும் கலகம்தான். அப்ப நாம குடுத்த அறிக்கை பொய்யின்னு ஆவும். அங்கீகாரம் பூடும்."

பட்டாபியின் விரல் அந்தரத்தில் நின்றது. வேறு வழியில்லாமல் மிருணாளினி கருவியைப் பிடுங்கிக் கண்ணில் மாட்டிக்கொண்டாள். பியூலாவைத் தவிர வேறொருத்தி உள்ளே போய்ப் பார்த்தது அதுதான் முதல்முறை. வெறுந்தலையோடு ஆயிரத்து ஐந்நூறு பேர்.

"இதை நீ முன்னாடியே பாத்தியா?" என்று கேட்டாள் கருவியைக் கழற்றிக்கொண்டே.

"பாத்தேன் மேடம்."

"ஏன் சொல்லல?"

"கலகம் வருமா வராதான்னுதானே கேட்டீங்க. வரல."

பட்டாபிராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பதாயிரம் பேர்மேல் அவருக்கு இரக்கம் வந்துவிட்டதென்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. "இயந்திரம் சொன்னா சொன்னதுதான் மேடம். இது கலகம் இல்ல," என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

நாலாம் நாள் தொப்பியை வாபஸ் வாங்கினார்கள். கிதியோன் வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் இருந்தான். கழுத்து சுருங்குவது முழுசாக நிற்கவில்லை, நிற்குமோ என்னவோ. பியூலாவுக்குச் சீட்டுக் கிழிந்தது. அது தெரிந்ததுதான்.

பட்டாபி அந்த ஓட்டத்தை அழித்துவிட முடிவு செய்திருந்தார். இனி எவளும் உள்ளே போய்ப் பார்த்துத் தொலைக்கக் கூடாது. போவதற்கு முன் ஒரு தடவை உள்ளே போய்வரட்டுமா என்று பியூலா கேட்டாள். கடுகடுவென்று தலையசைத்தார்.

பேட்டையில் வெயில் சாய்ந்திருந்தது. மாசிலாமணி வெறுந்தலையோடு, கடுக்கனோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். ஓட்டம் அழியாததால் அவனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

"வாம்மா! உங்க ஊர்ல இன்னா விசேஷம்?"

கிடங்கைப் பற்றி, தொப்பியைப் பற்றி, முப்பதாயிரம் பேர் உட்கார்ந்ததைப் பற்றி எல்லாம் சொன்னாள். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான்.

"எத்தினி பேரு செத்தாங்க?"

"ஒருத்தரும் சாவலண்ணா."

அவன் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அப்புறம் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"உனுக்குத்தான் எல்லாம் தெரியுமே. அன்னிக்கு நீ சொல்லித்தான நாங்க பொழச்சோம். இப்ப சொல்லு. நாளைக்கு இன்னா ஆவும் எங்களுக்கு?"

காதுக்குள் பட்டாபி வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டார். அழிக்கும் பொத்தானில் கை வைத்துக்கொண்டுதான் கூப்பிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கு எல்லாருக்கும் லீவு குடுக்கறாங்கண்ணா," என்றாள் பியூலா. "நீ ஊருக்குப் போலாம்."

"அப்படிப் போடு!" என்று எழுந்தான் மாசிலாமணி. மூட்டை கட்டணும் என்று சொல்லிக்கொண்டே கோட்டையைப் பார்க்க வேகமாக நடந்தான்.